கோடியே ஒன்று

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் உடைத்துப் பார்க்காமல் விடமாட்டேன். பனகல் பூங்கா சிக்னலில் ஆட்டோ நிற்கும், முன்னால் நிற்கிற காரின் நம்பர் 2021 ஆக இருக்கும், ‘நாப்பத்திமூணு இன்ட்டு நாப்பத்தேழு’ என்று வாய் தானாக முணுமுணுக்கும். உடையாத எண் வந்துவிட்டால் இன்னும் சந்தோஷம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் பிடிகொடுக்காத அந்த ஜாதிக்குப் பகா எண் என்று பெயர். தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்துமூன்று வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் கை நமநமக்கிறது. “சாமியைப் பாருன்னு கூட்டிண்டு போனா, செருப்பு டோக்கன் நம்பரைப் பாத்துண்டு நிக்கறா” என்பார் என் கணவர்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. யாராவது தப்பாக எண்ணினால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதனால் ஒன்பது வருஷம் ஒருத்தியை இழந்தேன்.

அவள் என் ஓர்ப்படி. என் கணவருடைய தம்பியின் மனைவி, அடையாற்றில் இருக்கிறாள். எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை “மன்னி, மன்னி” என்று சுற்றிச் சுற்றி வந்ததில் அந்தக் குறை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒரு சமயம் அவள் கணவர் உடம்பு முடியாமல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். அவர் நடந்து வீட்டுக்கு வந்தால் கோயிலுக்கு ஒரு லட்சம் விளக்குத் திரி திரித்துக் கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பஞ்சை வைத்துக்கொண்டு, விபூதியைத் தொட்டுத் தொட்டுத் திரித்தாள். நானே அதைப் பார்த்திருக்கிறேன். மைத்துனர் நல்லபடியாக நடந்து வீடு வந்தார்.

நூறு நூறாகக் கட்டி ஆயிரம் கட்டு. இரண்டு பெரிய பைகள். கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் சின்னதாக ஒரு பூஜை வைத்தாள். உறவுக்காரர்கள் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் ஒரு கட்டை எடுத்துப் பிரித்து எண்ணினேன். தொண்ணூற்றொன்று இருந்தது. இன்னொன்றில் தொண்ணூற்றுமூன்று. இருபது கட்டு எண்ணி முடித்துச் சராசரி போட்டு, வகுப்பறைக் குரலில், “லட்சம் இல்லடி இது. தொண்ணூத்திரெண்டாயிரம்தான் தேறும்” என்றேன். முப்பது தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. “வேண்டுதல்ல குறை வெக்கப்படாதேம்மா” என்று யாரோ ஒரு அத்தை ஆரம்பித்தாள். என் ஓர்ப்படி இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

முதல் வருஷம் ‘சரியாகத்தானே சொன்னேன்’ என்று வீம்பாக இருந்தேன். இரண்டாம் வருஷம் வீம்பு இளைத்தது. மூன்றாம் வருஷம் போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு, இத்தனை நாள் கழித்து என்னவென்று பேசுவது என்ற கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் தம்பிக்குள் ஒரு விரிசலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பாண்டி பஜாரில் ஒரு ஓட்டலில் சந்தித்துக் காபி குடித்தார்கள். சண்டை எங்களுக்கு, டிகிரி காபி அவர்களுக்கு. “அவ எப்படி இருக்கா?” என்று நான் கேட்கமாட்டேன். “நன்னா இருக்கா” என்று அவராகவே சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெரிய எண் வந்து சேர்ந்தது.

மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்திலும் பக்கத்துத் தெருக்களிலுமாக நாங்கள் பத்துப் பெண்கள், லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடப்போம். நடந்தது பாதி, பேசியது மீதி. எங்களுக்குத் தலைவி எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு மாமி. ஒரு மார்கழியில் அவர் ஒரு திட்டம் சொன்னார். பத்துப் பேரும் சேர்ந்து ராம நாமம் ஒரு கோடி சொல்லி முடிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து லட்சம், தையில் ஆரம்பித்துக் கார்த்திகையில் நிறைவு. எல்லோரும் சரி என்றோம். எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மிதான். ஆனால் கோடி என்ற சொல்லுக்கே எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறும்.

எல்லாம் முடிவானபின் கீழ்வீட்டு மாமி எழுந்து நின்று, “மொட்டையா கோடின்னு நிறுத்தப்படாது. சைபர்ல முடிக்கறது நம்மாத்து வழக்கம் இல்லை. ஒண்ணு சேத்துக்கலாம், கோடியே ஒண்ணு” என்றார். கல்யாண மொய்க்கு நூற்றொன்று, தட்சிணைக்கு ஐம்பத்தொன்று என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லோரும் ஆஹா என்றோம். கணக்கு டீச்சரான நானும் சேர்ந்து ஆஹா என்றதுதான் வேடிக்கை. அந்த ஒன்று செய்யப்போகிற விஷமம் எனக்கே உறைக்கவில்லை.

மறுநாள் பூங்காவில் பிரச்சினை ஆரம்பித்தது. கோடியைப் பத்துப் பேர் பிரித்துக்கொள்ளலாம். மேலே உள்ள அந்த ஒன்றை யார் சொல்வது? “நான்தானே ஆரம்பிச்சேன்” என்றார் கீழ்வீட்டு மாமி. வயதில் பெரியவள் நான் என்றாள் ஒருத்தி. எனக்குத்தான் பேரன் பிறந்திருக்கிறான் என்றாள் இன்னொருத்தி. ஆளுக்குப் பத்து லட்சம் சொல்ல யாருக்கும் சிரமமில்லை, அந்த ஒற்றை நாமத்துக்குப் பத்துப் பேருக்கும் சண்டை. பத்துப் பேரும் ஆளுக்கு ஒன்று கூடச் சொல்லலாமே என்றேன். “அப்போ கோடியே பத்துன்னா ஆறது? மறுபடியும் சைபர்ல வந்து நிக்கறதே!” என்றார் மாமி. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீங்க கணக்கு டீச்சராச்சே. சமமா பிரிச்சுக் குடுங்கோ, கூடக் குறைய இல்லாம.”

அன்று மத்தியானம் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1,00,00,001. ஒரு கோடிக்கு எத்தனை தாராள மனசு தெரியுமா? இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு, பத்து, நூறு, இத்தனை பேர் வந்து கேட்டாலும் சமமாகப் பிரிந்து கொடுக்கும். அதன் தலையில் ஒரே ஒரு ஒன்றைத் தூக்கி வைத்தால் அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திவிடுகிறது. கடைசியில் ஒன்று இருப்பதால் இரண்டும் ஐந்தும் போயின. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான் வருகிறது, மூன்றும் ஒன்பதும் போயின. ஏழால் வகுத்தால் நாலு மிச்சம். அடுத்தது பதினொன்று. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிக்க வேண்டும், மிச்சம் சைபர் வந்தால் வகுபடும். ஒன்றில் ஒன்று போனால் சைபர். அப்படியே விழுந்தது. 9,09,091 பெருக்கல் பதினொன்று.

பத்துப் பேருக்குப் பிரியாது. பதினோரு பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஒரு நாமம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பதினொன்று என்று வந்த அந்த நிமிஷத்தில் என் மனசில் வந்து நின்றது அடையாற்று முகம்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அந்த 9,09,091 வேறு எதனாலாவது உடைந்துவிட்டால் வேறு வழிகளும் திறக்கும், பதினொன்றுதான் வேண்டும் என்ற என் சாக்கு போய்விடும். உட்கார்ந்து உடைத்துப் பார்த்தேன். அதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 953 வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு வகுத்தல். போனில் தட்டினால் ஒரு நொடிதான், ஆனால் தட்டவில்லை. பழைய நோட்டில் ஒரு வாரம் கையால் வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. ஒவ்வொரு மீதிக்கும் மனசுக்குள் ஒரு அப்பாடா. கடைசி வகுத்தலும் மீதியோடு முடிந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டு நானே எனக்கு ஒரு காபி போட்டுக் குடித்தேன். என்னைப் போலவே பிடிவாதமான எண் அது.

“ஒண்ணு, பதினோரு பேர் வேணும். இல்லைன்னா ஒம்போது லட்சத்து ஒம்பதாயிரத்துத் தொண்ணூத்தொரு பேர் வேணும், ஆளுக்குப் பதினொரு தடவை சொன்னாப் போறும். நடுவுல வேற வழியே கிடையாது” என்று பூங்காவில் அறிவித்தேன்.

“ஒம்போது லட்சம் பேருக்கு நான் எங்கேருந்து சுண்டல் பண்றது? பதினொண்ணே இருக்கட்டும்” என்றார் கீழ்வீட்டு மாமி.

பதினோராவது ஆளுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஒருத்தி அமெரிக்கா போய்விடுவாள் என்றேன். ஒருத்திக்கு மறதி என்றேன். பூங்கா வாசலில் பூ விற்கும் அம்மாவிடமே மாமி கேட்டுவிட்டார். அந்த அம்மா சிரித்தாள். “இன்னாம்மா வெள்ளாட்றியா? நான் நாள் பூரா ராமா ராமான்னுதான் சொல்லிக்கினு கீறேன். அத்த எண்றதுக்கு எனுக்கு ஏது கை? கைல பூ கீது பாரு” என்று முழம் போடப் போய்விட்டாள். நியாயமான பதில். கீழ்வீட்டு மாமி என் பக்கம் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க மனசுல யாரையோ வெச்சிண்டுதான் எல்லாரையும் வேண்டாங்கறேள். போய் அவாளையே கூட்டிண்டு வாங்கோ” என்றார்.

அடையாறு பஸ்ஸில் ஏறினேன். ஒன்பது வருஷமாகப் போகாத வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கியிருந்தேன். கதவைத் திறந்தது அவள்தான். தலை முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. “வாங்கோ மன்னி” என்றாள், போன வாரம் வந்துபோனவளைக் கூப்பிடுவது போல. ஆனால் குரலில் ஒரு மரியாதை கூடுதலாக இருந்தது, அதுதான் குத்தியது. மைத்துனர் என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பால் வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். மேடையில் பால் பாக்கெட் இரண்டு இருந்ததை நான் பார்த்தேன்.

கோடியையும் ஒன்றையும் பதினொன்றையும் மளமளவென்று சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “பதினோராவது ஆள் வேணும்னு வந்தேளா, இல்லை நான் வேணும்னு வந்தேளா?” என்றாள்.

நீதான் வேண்டும், மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பதினொண்ணு வேணும்” என்று வந்தது. எத்தனையோ பேருடைய தப்பான விடையைச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். என் வாழ்க்கையில் நானே எழுதிய தப்பான விடை அது.

அவள் வாழைப்பழச் சீப்பை எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். “வரேன். ஆனா ஒண்ணு. நான் எவ்வளவு சொன்னேன்னு நீங்க எண்ணப்படாது. கேக்கவும் படாது” என்றாள். சரி என்று தலையாட்டினேன். வேறு எதற்கு வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை?

அதையே எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டார் கீழ்வீட்டு மாமி. யாரும் யாருடைய கணக்கையும் கேட்கக் கூடாது, கடைசி நாள் “ஆச்சு” என்று மட்டும் சொன்னால் போதும். வடக்கு மாட வீதியில் ஒரு கடையில் விரலில் மாட்டிக்கொள்ளும் கவுண்ட்டர் பதினொன்று வாங்கினோம். மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அழுத்த அழுத்த எண் ஏறும். ஐந்து இலக்கம்தான் அதற்கு. 99,999-க்கு அடுத்தது 00000 என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு லட்சமும் திரும்பும்போது எங்காவது ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நான் அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் போட்டேன். ஒன்பது கோடும், மேலே கவுண்ட்டரில் 9,091-ம் வந்தால் என் பங்கு முடிந்தது.

சந்தோஷமான பத்து மாதம் அது, சும்மா சொல்லக்கூடாது. நாளைக்கு மூவாயிரம். கீரை ஆய்ந்துகொண்டே, மாம்பலம் ஸ்டேஷன் படியேறிக்கொண்டே, சீரியலில் விளம்பரம் வரும்போது, டிக் டிக் டிக். வியாழக்கிழமைகளில் பதினோரு பேரும் கீழ்வீட்டில் உட்கார்ந்து சொல்வோம். என் ஓர்ப்படி அடையாற்றிலிருந்து வந்துவிடுவாள். அவளுக்கு எல்லோரும் சிநேகமாகிவிட்டார்கள். கீழ்வீட்டு மாமிக்கு அவள் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. என்னிடமும் பேசினாள். பஸ், மழை, கொத்தவரங்காய் விலை. கூடத்தில் பத்துப் பேர் நடுவில் பேசுகிற பேச்சு. தனியாக உட்கார்ந்து பேச அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவள் கவுண்ட்டர் பக்கம் கண் போகாமல் இருக்க நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நாமம் சொல்லப் பழகினேன்.

கார்த்திகையில் நிறைவு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது என் கவுண்ட்டர் ஒன்பதாயிரத்தை நெருங்கியது. கதவில் ஒன்பது கோடு. முதலில் முடிக்கப்போவது நான்தான் என்று பெருமையாக இருந்தது. அப்புறம்தான் டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. ஆவணியில் விஷக் காய்ச்சல் வந்து பத்து நாள் எழுந்திருக்காமல் கிடந்தவள் நான். அப்படிக் கிடந்த நான் எப்படி எல்லோருக்கும் முன்னால் முடிப்பேன்?

கதவைத் திறந்து கோடுகளை உற்றுப் பார்த்தேன். எட்டு கோடு பென்சில், ஒன்று நீலப் பேனா. பேனா ஏது நம் வீட்டு அடுக்களையில்? யோசித்ததில் ஞாபகம் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது லட்சம் திரும்பியது. மறந்துவிடப் போகிறேன் என்று என் கணவருக்குப் போன் செய்து, “கதவுல ஒரு கோடு போட்டுடுங்கோ” என்றேன். அவர் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து நானும் பென்சிலால் போட்டேனா? இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் நின்றன.

“நான் போடும்போது பக்கத்துல பென்சில் கோடு இருந்துதா?” என்று அவரைக் கேட்டேன்.

“நீ போடுன்னே, போட்டேன். அக்கம் பக்கம் பாக்கச் சொல்லலையே” என்றார். முப்பத்தாறு வருஷமாக இவர் எனக்குச் சாட்சி சொன்ன லட்சணம் இதுதான்.

நிறையச் சொன்ன நாட்களும் உண்டு, நாலாயிரம் ஐயாயிரம் கூட. அதனால் சரியாகவே இருக்கலாம். அல்லது முழுசாக ஒரு லட்சம் குறையலாம். எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மறுநாள் விடிந்தும் அதே யோசனை. மண்டபம் சொல்லியாயிற்று, பூஜைக்கு வாத்தியார்கள் வருகிறார்கள், சமையல்காரருக்கு அட்வான்ஸ் போய்விட்டது. ஐந்து நாளில் ஒரு லட்சம் என்றால் நாளைக்கு இருபதாயிரம். தனியாக என் தொண்டை தாங்காது. பேசாமல் “ஆச்சு” என்று சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்த மாத்திரத்தில் ஒரு கூடம் நிறைய ஜனங்களும், நடுவில் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருத்தியும் கண் முன்னால் வந்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே அடையாறு பஸ் பிடித்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாக் கோடு, பென்சில் கோடு, காய்ச்சல்.

“எவ்வளவு குறையறது?” என்றாள்.

“லட்சம் குறையலாம். குறையாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலைடி” என்றேன். ‘எனக்குத் தெரியலை’ என்று ஒரு கணக்கைப் பற்றி நான் சொன்னது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மடித்த வேஷ்டியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. “அன்னிக்கு நான் எண்ணியிருக்கப்படாதுடி. தப்புதான். என்னை மன்னிச்சுடு. பதினொண்ணு வேணும்னு வரலை, நீ வேணும்னுதான் வந்தேன்” என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன்.

அவள் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீங்க எண்ணினது தப்பே இல்லை மன்னி. மறுநாளே நான் ஆயிரம் கட்டையும் பிரிச்சு எண்ணினேன். தொண்ணூத்தோராயிரத்து நானூறுதான் இருந்தது. நீங்க சொன்னதைவிடக் கம்மி. அவர் இருந்த இருப்புல என்னத்தை எண்ணினேனோ, என்னத்தைக் கட்டினேனோ. பாக்கியைத் திரிச்சு முடிக்க நாப்பது நாள் ஆச்சு. கை ஓடவே இல்லை.”

“அப்போ ஏண்டி ஒம்போது வருஷம்…”

“என்னைத் தனியா உள்ள கூப்பிட்டுச் சொல்லியிருந்தேள்னா, நாம ரெண்டு பேருமா உக்காந்து திரிச்சிருப்போமே. அதுதான் கோபம். வேற ஒண்ணும் இல்லை” என்றாள்.

இன்னும் கையில் பிடித்திருந்த ஈரக் குடையை அப்போதுதான் கீழே வைத்தேன்.

அவள் எழுந்து போய்த் தன் கவுண்ட்டரை எடுத்து வந்தாள். “எனக்கு நேத்தே முடிஞ்சுடுத்து. ஆளுக்குப் பத்தாயிரம் ஒரு நாளைக்கு, அஞ்சு நாள். வாங்கோ, உக்காருங்கோ. போனைப் போட்டு அண்ணாவையும் இங்கேயே வரச் சொல்லுங்கோ, அண்ணா தம்பி ரெண்டு பேருமா சமைக்கட்டும்.”

“நீ சொன்னா என் பங்குல எப்படிச் சேரும்? சமமா வராதே” என்றேன். பிறவிக் குணம்.

“சமமா வர வேண்டாம் மன்னி” என்றாள்.

ஐந்து நாள் அடையாற்றில் தங்கினேன். வெளியே விடாத மழை. உள்ளே நாங்கள் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அண்ணன் தம்பி இருவரும் முதல் நாள் உப்புமா செய்தார்கள். மறுநாளும் உப்புமா செய்தார்கள். மூன்றாம் நாள் நாங்களே எழுந்துபோய் ரசம் வைத்தோம். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் லட்சமும் முடிந்தது, என் கவுண்ட்டரில் மிச்சமிருந்ததும் முடிந்தது. தொண்டை இருவருக்கும் கட்டிப்போயிற்று. மண்டபத்தில் கீழ்வீட்டு மாமி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. “மன்னிக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு” என்று அவள்தான் கரகரவென்று சொன்னாள்.

நாங்கள் மொத்தம் சொன்னது கோடியே ஒன்றா, இல்லை கோடியே ஒரு லட்சத்து ஒன்றா? இரண்டில் ஒன்று. முதலாவது என்றால் பதினொன்றுக்கு மட்டும் பிடிகொடுக்கிற எண். இரண்டாவது என்றால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்று, அதனால் மூன்றால் வகுபடும், பதினொன்றால் வகுபடாது. எது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் நன்றாகத் தூங்குகிறேன்.

இதை எழுதி முடித்ததும் யாருக்கும் காட்டாமல் அடையாறு போனேன். அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். ஒரே ஒரு இடத்தில், பாக்கித் திரி திரித்த கணக்கு வந்தபோது, என் கையைப் பிடித்து நிறுத்தி, கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, “ஒரு மாசம்னு எழுதியிருக்கேள் மன்னி. நாப்பது நாள்” என்றாள். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.